அக்கா வீட்டு ஆர்க்கிட்: ஒரு செடி, 14 மாதங்கள்

நான் போய்ப் பார்த்தபோது இலைகள் தொட்டியின் விளிம்பில் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தன. தடித்து விறைப்பாக நிற்க வேண்டிய இலைகள் அவை. தொட்டால் பழைய தோல் பையைத் தொட்டதுபோல் இருந்தது. நீளவாக்கில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் விழுந்திருந்தது. “தண்ணீருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை தம்பி. முன்பு வாரத்துக்கு மூன்று தடவை ஊற்றினேன். இப்படி வாடுகிறதே என்று இப்போது தினமும் ஊற்றுகிறேன்” என்றாள் அக்கா. நோயும் அதன் காரணமும் அந்தப் பதிலிலேயே இருந்தன.

அக்காவுக்கு அது முதல் ஆர்க்கிட். நான்கு மாதங்களுக்கு முன் பரிசாக வந்தது. வரும்போது இரண்டு பூத்தண்டுகள், நிறைய வெள்ளைப் பூக்கள், ஆறு இலைகள். பூக்கள் 11 வாரங்கள் நின்றுவிட்டு ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அது இயல்புதான். அதன்பின் அடியிலிருந்த ஓர் இலை மஞ்சளாகி விழுந்தது, மற்ற ஐந்தும் துவளத் தொடங்கின. தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கத்தான் என்னை அழைத்திருந்தாள். அன்று தொடங்கி 14 மாதங்கள் அந்தச் செடிக்கு நடந்ததையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவந்தாள்: தண்ணீர் ஊற்றிய நாள், புது வேர் கண்ட நாள், இலையின் நீளம். அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இந்தச் செடியை முதன்முதலாக வளர்ப்பவர்கள் வழுக்கி விழுகிற இடங்கள் பெரும்பாலும் இந்த ஒரு தொட்டியிலேயே வந்துபோயிருக்கின்றன.

மண்ணை அறியாத செடி

இதன் பேரினத்துக்கு ஃபலனோப்சிஸ் என்று பெயர். கார்ல் லுட்விக் ப்ளூம் என்ற தாவரவியலாளர் 1825-ல் வைத்தது. கிரேக்கச் சொற்களைக் கூட்டிப் பார்த்தால் ‘அந்துப்பூச்சியின் தோற்றமுடையது’ என்று பொருள் வரும். சிறகு விரித்த பூச்சிகள் ஒரு கொம்பில் வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல் பூக்கள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். வெள்ளைப் பூ பூக்கும் ஃபலனோப்சிஸ் அமபிலிஸ் இந்தோனேசியாவின் தேசிய மலர்கள் மூன்றில் ஒன்று.

வளர்ப்பவருக்கு முக்கியமானது வேறு விஷயம். காட்டில் இது மண்ணில் வேர் விடுவதில்லை. மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் தொற்றுத்தாவரம் இது. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதும் இல்லை. உட்கார இடம் மட்டும் கேட்கிறது. மழை பெய்யும்போது வேர்கள் சொட்டச் சொட்ட நனைகின்றன. மழை விட்டதும் காற்று வந்து உலர்த்திவிடுகிறது. நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடக்கிற அந்த வாழ்க்கைக்கு ஏற்றபடிதான் வேரின் அமைப்பும் இருக்கிறது. வேரைச் சுற்றி வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறை உண்டு. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் உறை அதை உறிஞ்சிக் கண்ணாடி போல் ஆகிவிடும். உள்ளேயிருக்கும் பச்சை வெளியே தெரியும். வேருக்கு உள்ளேயே பச்சையம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வேரும் ஒளிச்சேர்க்கை செய்யும்.

அந்தப் பஞ்சு நாள் கணக்கில் ஊறியே கிடந்தால் வேருக்குக் காற்று எட்டாது. மூச்சு முட்டிய வேரில் அழுகல் ஏறும். அழுகிய வேரால் தண்ணீரை மேலே அனுப்ப முடியாது. இலை தாகத்தில் சுருங்கும். தண்ணீரே இல்லாமல் காய்ந்த செடியின் இலையும் இதே மாதிரிதான் சுருங்கும். இரண்டுக்கும் இலையில் தெரியும் அடையாளம் ஒன்றுதான் என்பதால், இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர் தாகத்தைத் தணிப்பதாக நினைத்துக்கொண்டு அழுகலை வளர்த்துவிடுகிறார். வீடுகளில் இந்தச் செடிகள் சாவது பெரும்பாலும் வேருக்குக் காற்று இல்லாமல்தான் என்று பல ஆண்டுகளாகப் பார்த்ததில் உறுதியாக நம்புகிறேன்.

தொட்டியைப் பிரித்தபோது

செடி ஓர் அழகான பீங்கான் தொட்டிக்குள் இருந்தது. அதன் அடியில் துளை இல்லை. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி. அதைத் தூக்கியதும் பீங்கானின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. குட்டை நாற்றம் வீசியது. ஊற்றிய தண்ணீர் போக வழியில்லாமல், உள்தொட்டியின் அடிப்பகுதி எப்போதும் மூழ்கியே இருந்திருக்கிறது.

பிளாஸ்டிக்கின் பக்கங்களை அமுக்கித் தளர்த்திச் செடியை மெல்ல உருவினேன். மேலேயும் ஓரங்களிலும் மரப்பட்டைத் துண்டுகள். மேல்பக்கத்தில் அவை காய்ந்தே இருந்தன. துண்டுகளை உதறியதும், செடியின் கழுத்துக்கு நேர் கீழே, கைப்பிடி அளவுக்கு இறுகிய ஒரு பாசி உருண்டை தெரிந்தது; தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசி. பிழிந்தேன், விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. நாற்றங்காலில் இளஞ்செடிகளை இப்படிச் சிறு பாசி உருண்டையில் வளர்ப்பார்கள். செடி பெரிதானதும் உருண்டையைப் பிரிக்காமலே பெரிய தொட்டியில் வைத்துச் சுற்றிலும் பட்டையை நிரப்பிவிடுவார்கள். அங்கே இருக்கும் சூட்டுக்கும் காற்றோட்டத்துக்கும் அளந்து விடும் தண்ணீருக்கும் அது சரியாகவே ஓடும். வீட்டுக்கு வந்தபின் சிக்கல் தொடங்குகிறது. மேலே விரல் வைத்துப் பார்ப்பவருக்குக் காய்ந்த பட்டை தட்டுப்படும்; நடுவில் உருண்டை ஊறிக்கொண்டிருப்பது தெரியாது. அக்கா ஒவ்வொரு தடவையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றியிருக்கிறாள். அவளுடைய அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. அந்தத் தொட்டியில் விரல் எட்டுகிற இடமும் வேர் இருக்கிற இடமும் வேறு வேறாக இருந்தன, அவ்வளவுதான்.

உருண்டையைத் தண்ணீரில் அலசிப் பாசியை இழை இழையாகப் பிரித்து எடுக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. தொட்டிக்குள் இருந்த வேர்கள் 17. ஒவ்வொன்றையும் இரு விரல்களுக்கு நடுவே வைத்து அமுக்கிப் பார்த்தோம். உயிருள்ள வேர் அமுங்காது. செத்த வேர் வெற்று உறையாக நசுங்கும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. வெளிச்சம் படாமல் உள்ளே கிடந்த நல்ல வேர்கூடப் பழுப்பாக இருக்கலாம். ஒரு வேரைப் பிடித்து அக்கா லேசாக இழுத்தாள். மேலுறை முழுவதும் ஊசிமேல் இருந்த துணி கழல்வதுபோல் நழுவிக் கையோடு வந்துவிட்டது. செடியில் நூல் போன்ற ஒரு நரம்பு மட்டும் தொங்கியது. கையில் இருந்த உறையையும் அந்த நூலையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது செத்து எத்தனை நாள் இருக்கும்?” என்று கேட்டாள். வாரக்கணக்கில் இருக்கும் என்று சொன்னேன். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. 17-ல் 13 செத்திருந்தன. நான்கு உறுதியாக இருந்தன. தொட்டிக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு வேர்கள் கொழுகொழுவென்று நன்றாக இருந்தன. தண்ணீர் எட்டாத இடத்தில் இருந்த வேர்கள்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தன என்பதை அக்காவே கவனித்துச் சொன்னாள்.

மறுநடவு

கத்தரிக்கோலின் அலகுகளைத் தீயில் காட்டி ஆறவிட்டு, செத்த வேர்களை வெட்டி நீக்கினோம். ஆர்க்கிட் வைரஸ்கள் ஒரு செடியின் சாறு பட்ட கத்தியோடு அடுத்த செடிக்குப் போய்விடும். அவற்றுக்கு மருந்து கிடையாது. ஒரே செடி வைத்திருப்பவரும் இந்தப் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்வது நல்லது. காய்ந்துபோகாமல் இன்னும் பச்சையாக இருந்த இரண்டு பூத்தண்டுகளையும் அடியோடு வெட்டச் சொன்னேன். அக்காவுக்கு மனமில்லை. கணுவுக்கு மேல் வெட்டினால் மறுபடி கிளைத்துப் பூக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான்; வலுவான செடியில் அடியிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்கு மேல் வெட்டினால் பல நேரம் கிளை வரும். ஆனால் ஆறு வேர்களோடு நிற்கும் செடியைப் பூக்க வைப்பது அதன் கையிருப்பைக் கரைப்பதாகும். வெட்டினோம்.

வெட்டுக் காயத்தில் லவங்கப்பட்டைத் தூள் தடவுவது பரவலான வழக்கம். காயத்தின் முகத்தில் மட்டும் ஒற்றினால் போதும். அது ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் உயிருள்ள வேரின்மேல் படவிடக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. அது நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் மருந்து வேலை செய்வதாகத் தோன்றும். அது நல்ல திசுவையும் சேர்த்தே எரிக்கிறது.

ஒரு நாள் முழுக்கச் செடியை நிழலில் வெறுமனே கிடத்தி, வெட்டுக்கள் உலர்ந்தபின் நட்டோம். முன்பிருந்தது 12 செ.மீ. தொட்டி. மிஞ்சிய வேர்களுக்கு 10 செ.மீ. போதும். பெரிய தொட்டி வைத்தால் வேர் இல்லாத இடமெல்லாம் ஈரம் தேங்கிக் கிடக்கும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும்படியான பிளாஸ்டிக் தொட்டியாகப் பார்த்து எடுத்தோம். பக்கவாட்டிலும் துளைகள் இருந்தன. நிரப்பியது ஒன்று, ஒன்றரை செ.மீ. அளவிலான மரப்பட்டைத் துண்டுகளும் ஒரு கைப்பிடி கரித்துண்டுகளும். வேர்கள் குறைவாக இருந்ததால் மேலே மட்டும் மெல்லியதாகக் கொஞ்சம் பாசி. செடி ஆடாமல் நிற்பதற்கு ஒரு குச்சியில் கட்டினோம். ஆடுகிற செடியில் புது வேரின் நுனி பட்டையில் உரசித் தேய்ந்துபோகும்.

பீங்கான் தொட்டி இப்போதும் அக்கா வீட்டில்தான் இருக்கிறது. கரண்டிகள் போட்டு வைத்திருக்கிறாள்.

தண்ணீர் ஊற்றும் நாளை யார் முடிவு செய்வது

வாரத்துக்கு எத்தனை தடவை என்று அக்கா கேட்டாள். அந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் சொன்னால் மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்போம் என்று தோன்றியது. வெயில், காற்று, பட்டையின் வயது, தொட்டியின் அளவு எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. அதனால் தொட்டியின் சுவர் வழியாக வேரைப் பார்க்கச் சொன்னேன். பச்சையாகத் தெரிந்தால் காத்திருக்க வேண்டும். சுவரின் உட்புறம் நீர்த்துளிகள் பூத்திருந்தாலும் காத்திருக்க வேண்டும். வேர் வெள்ளியாக மாறி, சுவரில் துளியும் இல்லாமல், தொட்டியைத் தூக்கினால் கை ஏமாந்து சட்டென்று மேலே போகும் அளவுக்கு எடை குறைந்திருந்தால் அன்று தண்ணீர் ஊற்றலாம்.

ஊற்றும்போது தயங்காமல் ஊற்ற வேண்டும். அறையின் வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில் தொட்டியைப் பத்து நிமிடம் வைத்திருந்துவிட்டு எடுத்து, கடைசிச் சொட்டு வடியும்வரை சாய்த்து வைப்பது அக்காவுக்கு வசதியாக இருந்தது. முதல் மாதத்தில் நோட்டில் இருக்கும் இடைவெளிகள்: 6 நாள், 8 நாள், 7 நாள், 9 நாள். தினமும் ஊற்றிக்கொண்டிருந்தவள் ஒன்பது நாள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அந்த ஒன்பதாவது நாளின் பக்கத்தில், ‘இன்றுதான் வெள்ளியானது. பயமாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறாள்.

வாரம் மூன்று பனிக்கட்டிகளைப் பட்டைமேல் வைத்தால் போதும் என்ற யோசனையும் அவளுக்கு வந்திருந்தது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் சேர்ந்து இதைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டன. பட்டையில் வளரும் ஃபலனோப்சிஸ் செடிகளுக்குப் பனிக்கட்டியால் கேடு வரவில்லை. அளவு மீறி ஊற்றுகிறவரின் கையைக் கட்டிப்போடுவதால் அந்த முறைக்குப் பயன் இருக்கிறது. என்றாலும் உரத்தின் உப்பு பட்டையில் சேரும்போது அதைக் கழுவி வெளியேற்ற மூன்று பனிக்கட்டிகளின் தண்ணீர் போதாது. வேரைப் பார்க்கும் பழக்கமும் அதில் வராது. நான் அக்காவுக்கு அதைச் சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்தில் அடி இலை மஞ்சளாகி உதிர்ந்தது. மீதி நான்கு இலைகள், துவண்டபடியே. இலைமேல் தண்ணீர் தெளிக்கலாமா என்று கேட்டாள். வேர் செய்ய வேண்டிய வேலையைத் தெளிப்பு செய்யாது. இந்தச் செடி இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கிறது. கள்ளியும் அன்னாசியும் செய்வதுபோல, பகல் சூட்டில் நீரை இழக்காமலிருக்க அது கைக்கொண்ட வழி. வெயிலும் வேகமான காற்றும் படாத இடத்தில் வைத்து, இலையிலிருந்து போகும் நீரைக் குறைப்பதுதான் அப்போது செய்யக் கூடியது. அதன்பின் காத்திருப்பது.

ஏழாவது வாரம் காலையில் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். அடியிலைக்குக் கீழே தோலைக் கிழித்துக்கொண்டு பச்சையாக ஒரு முனை. மிளகு அளவுதான் இருக்கும். மூன்று நாளில் பக்கத்தில் இன்னொன்று. செத்துக்கொண்டிருந்த ஒன்று வாழ முடிவெடுத்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை.

குருத்தில் நின்ற தண்ணீர்

ஐந்தாவது மாதம் ஒரு மாலையில் அக்கா குழாயடியில் செடியை முழுக்க நனைத்துவிட்டு அப்படியே வைத்துவிட்டாள். மறுநாள் காலை பார்த்தால் நடுக்குருத்தின் குழியில் தண்ணீர் அப்படியே நின்றது. மெல்லிய காகிதத்தை முறுக்கி அதன் முனையால் ஒற்றி எடுக்கச் சொன்னேன். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

என் முதல் செடியை நான் இழந்தது இப்படித்தான். வேர்கள் நன்றாக இருந்தன, இலைகள் நன்றாக இருந்தன. ஒரு நாள் நடுக்குருத்து இலை சற்றே மங்கலாக இருப்பதுபோல் தெரிந்தது. தொட்டேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி பழுப்பாகக் கூழாகியிருந்தது. பத்து நாளில் மற்ற இலைகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. இந்தச் செடிக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது போனால், அடியில் ஒரு பக்கக்குட்டி தோன்றினால் தவிர, செடி அதோடு நின்றுவிடும். மரத்தில் இது பெரும்பாலும் பக்கவாட்டில் சாய்ந்துதான் தொங்குகிறது, குருத்தில் விழும் மழை தானே வழிந்துவிடும். தொட்டியில் நிமிர்த்தி வைத்து அதைக் கிண்ணமாக்கியது நாம். ஆகவே தண்ணீர் காலையில், பட்டையில் மட்டும். இலைக்கக்கத்தில் துளி தங்கினால் ஒற்றி எடுக்க வேண்டும். அக்கா அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

வெளிச்சமும் உரமும்

முதலில் செடி இருந்தது சாப்பாட்டு மேசையில், ஜன்னலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி. மனிதக் கண்ணுக்கு அது வெளிச்சமான இடம், செடிக்கு இருட்டு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; ஃபலனோப்சிஸுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் வரை வேண்டும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸுக்குப் பக்கத்தில் போகும் என்பதால் நேர் வெயிலிலும் வைக்க முடியாது. அளவுகோல் இல்லாமல் கணிக்க ஓர் எளிய வழி, இலைக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிப் பார்ப்பது. விளிம்பு மழுங்கிய நிழல் விழுந்தால் சரி. கத்தியால் வெட்டியதுபோல் கறுத்த நிழல் விழுந்தால் வெயில் அதிகம். நிழலே விழாவிட்டால் வெளிச்சம் போதவில்லை. புது வேர்கள் இரண்டு செ.மீ. ஆனதும் காலை இளவெயில் மட்டும் வரும் கிழக்கு ஜன்னலுக்குச் செடியை மாற்றினோம். கடையில் நாம் விரும்பிப் பார்க்கும் கரும்பச்சை இலை உண்மையில் வெளிச்சம் குறைவு என்பதன் அடையாளம். போதிய வெளிச்சம் கிடைத்த இலை இளம்புல்லின் பச்சையில் இருக்கும்.

நான்காவது மாதம் குருத்திலிருந்து புது இலை வந்தது. முழுதாக வளர்ந்து 15 செ.மீ.யில் நின்றது, பழைய இலைகளில் பெரியது 24 செ.மீ. அக்காவுக்கு ஏமாற்றம். வேரின் நிலைமையை இலையின் நீளம் சில மாதங்கள் பிந்திச் சொல்கிறது, அடுத்ததைப் பார்ப்போம் என்றேன். எட்டாவது மாதம் வந்த இலை 21 செ.மீ. வளர்ந்தது. பழைய இலைகளின் சுருக்கம் முழுதும் மறையவில்லை. மடிந்த வடு நிலைத்துவிடும். ஆனால் விறைப்பு திரும்பியிருந்தது.

உரம் ஆறாவது மாதத்தில்தான் தொடங்கினோம். வேரில்லாத செடிக்கு உரம் போடுவது பசியில்லாதவருக்கு ஊட்டுவதுபோல. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சம அளவில் இருக்கும் 20-20-20 கலவையை, பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு மட்டும் கரைத்து, மூன்று தடவைக்கு உரத்தண்ணீர், நான்காவது தடவை வெறும் தண்ணீர். பட்டையின்மேல் வெள்ளைப் படலம் தெரிந்தாலோ வேர் நுனிகள் கருகினாலோ உப்பு ஏறிவிட்டது என்று பொருள். மாவுப்பூச்சி ஒரு தடவை வந்தது, இலைக்கக்கத்தில் பஞ்சுபோல நான்கைந்து. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் வாரம் ஒரு தடவை மூன்று வாரம் துடைத்ததில் போய்விட்டது.

பூக்க மறுத்த மாதங்கள்

ஒன்பதாவது மாதத்தில் ஆறு இலைகள், தொட்டிச் சுவரெங்கும் வேர்கள். பூத்தண்டு மட்டும் வரவில்லை. பூ உரம் என்று தனியாக விற்கிறார்களே, வாங்கலாமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த ஜன்னலுள்ள அறையில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். பகலில் 30 டிகிரி, இரவிலும் 27-க்குக் கீழே இறங்கவில்லை.

இந்தச் செடி பூத்தண்டு விடுவதற்குக் குளிர்ச்சிதான் சைகை. 28 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் இலையாக விட்டுக்கொண்டே போகும். 25-க்குக் கீழே சில வாரங்கள் கிடைத்தால் பூத்தண்டு புறப்படும். பூ வளர்ப்புத் தொழிலில் குளிரூட்டிய கூடங்களில் வைத்து, விற்பனை நாளைக் கணக்கிட்டு ஆயிரக்கணக்கான செடிகளை ஒரே சமயத்தில் பூக்க வைப்பது இந்த ஒரு குணத்தை வைத்துத்தான். இருந்ததிலேயே குளிர்ச்சியான அறையின் ஜன்னலுக்குச் செடியை மாற்றினோம். பருவமும் குளிர்ந்துகொண்டு வந்தது. இரவில் 17, 18, 19, பகலில் 24-க்குள். வெளிச்சத்தைக் குறைக்காமல் பார்த்துக்கொண்டோம். இருட்டான குளிரில் வைத்துப் பயனில்லை.

ஐந்து வாரம் கழித்து, மேலிருந்து மூன்றாவது இலையின் கக்கத்தில் ஒரு முனை எட்டிப் பார்த்தது. வேரா, தண்டா? புதியவர்கள் எல்லாரும் தவிக்கும் இடம் இது. வேரின் நுனி உருண்டு வழவழப்பாக இருக்கும், கீழே வளையப் பார்க்கும். பூத்தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, ஒரு பக்கம் சிறு மடிப்போடு, கட்டைவிரலைத் தனியே விட்டுத் தைத்த குழந்தைக் கையுறை மாதிரி இருக்கும், மேல்நோக்கிப் போகும். அக்கா உருப்பெருக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒரு படமும் வரைந்து வைத்திருக்கிறாள் நோட்டில். நான்காம் நாள் மடிப்பு தெளிவாகத் தெரிந்தது.

தண்டு 12 செ.மீ. வளர்ந்ததும் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டினோம். அதன்பின் தொட்டியைத் திருப்பவே கூடாது. மொட்டுகள் வெளிச்சத்தின் திசையைப் பார்த்து வரிசை கட்டுகின்றன. ஆளுக்கு ஒரு பக்கம் திருப்பி வைத்தால் வரிசை முறுக்கிக்கொள்ளும். தொட்டியில் ஜன்னல் பக்கம் ஒரு கோடு போட்டு வைத்தாள்.

ஒன்பது மொட்டுகள் வந்தன. அவை பட்டாணி அளவு ஆனபோது, வீட்டில் விருந்தினர் வருகிறார்கள் என்று செடியை இரண்டு நாள் கூடத்தில், பழக்கூடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நான்காம் நாள் இரண்டு மொட்டுகள் மஞ்சளாகி விழுந்தன. பழுக்கும் பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு ஆர்க்கிட் மொட்டுகளை உதிர்க்கும். திடீர் இடமாற்றமும் உதிர்க்கும். இங்கே இரண்டும் சேர்ந்தே நடந்தன. செடி பழைய ஜன்னலுக்கே போனது. மீதி ஏழும் தங்கின. முனை தெரிந்த நாளிலிருந்து 13-வது வாரம் முதல் பூ விரிந்தது. முதலில் மேலிதழும் பக்க இதழ்களும் ஒரு சாவித்துளை அளவுக்குப் பிரிந்தன. மறுநாள் காலைக்குள் முழுப் பூவும் தட்டையாக விரிந்து நின்றது. நடுவில் மஞ்சள் தழும்பு, அதற்குக் கீழே இதழின் நுனியிலிருந்து மீசைபோல் சுருண்ட இரண்டு இழைகள். பரிசாக வந்தபோது இருந்ததைவிடப் பூவின் அளவு சற்றுக் குறைவுதான். ஒரே ஒரு தண்டுதான். அக்கா அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் என்று அத்தான் சொன்னார்.

இந்தச் செடிகள் இன்று எளிதாகக் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட உழைப்பு இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. தனக்கென்று உணவுச் சேமிப்பு இல்லாதது. காட்டில் ஒரு பூஞ்சை அதற்கு ஊட்டினால்தான் முளைக்கும். 1922-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகார் என்ற கூழ்போன்ற ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே விதைகளை முளைக்க வைக்க முடியும் என்று காட்டினார். செல்வந்தர் வீட்டுக் கண்ணாடிக் கூடங்களில் மட்டும் இருந்த ஒன்று மற்ற வீடுகளின் ஜன்னலுக்கு வந்தது அதன் பிறகுதான். ஆனால் எளிதாகக் கிடைப்பதால் பூச்செண்டைப் போலவே நடத்தப்பட்டு, பூ உதிர்ந்ததும் குப்பைக்குப் போகிறது. நன்றாகப் பராமரித்தால் பத்தாண்டுக்கு மேல் வாழும் செடி அது. எனக்கு ஆறாத வருத்தம் இதில் உண்டு.

இப்போதைய நிலை

இதை எழுதும்போது ஏழு பூக்களும் நிற்கின்றன. அவை உதிர்ந்ததும் தண்டைக் கணுவுக்கு மேல் வெட்டுவதா, அடியோடு வெட்டுவதா என்று அக்கா என்னைக் கேட்கவில்லை. இந்த வருடம் அடியோடு, அடுத்த வருடம் கணுவுக்கு மேல் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். பட்டைத் துண்டுகளுக்கு 14 மாதம் ஆகிறது. விரலால் நசுக்கினால் ஓரங்கள் உதிர்கின்றன. நொறுங்கிய பட்டை மண்போல் இறுகி ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால், பூ முடிந்து புது வேர் நுனிகள் தெரியத் தொடங்கியதும் மாற்ற வேண்டும். புதுத் தொட்டி 12 செ.மீ.

தண்டின் நான்காவது கணுவில் போன வாரம் ஒரு சிறு முண்டு தெரிந்ததாம். கிளையாக இருக்கலாம், இலையும் வேருமாகக் கிளம்பும் குட்டிச்செடியாகவும் இருக்கலாம். குட்டியானால் அதன் வேர்கள் ஐந்து செ.மீ. தாண்டும்வரை தாயிலிருந்து பிரிக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்றைய தேதியில் நோட்டில் இருப்பது: ‘வேர் பச்சை. ஊற்றவில்லை. முண்டு இன்னும் அப்படியே.’